பெரியவர் ஆர்?

அக்காவின் வயலுக்குள் எல்லைக்கல் நட்டபோது நெல் கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்றது. செட்டிகுளத்தில் காட்டோரமாக உள்ள காணி. சண்டைக்கு முன்பு அத்தான் காடு வெட்டித் திருத்தியது. அகதி முகாமிலிருந்து திரும்பியபோது அத்தான் இல்லை. பற்றை மண்டிக் கிடந்ததை அக்கா தனியாளாகத் திரும்பவும் வெட்டினாள். அதை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை. இது அரசாங்கக் காணி, அறுவடை முடிந்ததும் வெளியேறிவிட வேண்டுமென்று கல் நட்டவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் நெளுக்குளத்தில் இருக்கிறேன். கொஞ்சம் வாய்க்காரி. அதனால் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"இது மேலிடத்து முடிவம்மா."

"மேலிடம் எண்டால் ஆர்? பேரைச் சொல்லுங்கோ, நான் போய்க் கதைக்கிறன்."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகளுக்குக் குறைவில்லை. சாமி எந்தக் கோயிலில் இருக்கிறது என்றுதான் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு வந்த விசருக்கு மேசையைக் கவிழ்த்திருப்பேன்.

பிறகு, கொழும்பிலிருந்து உயர் அதிகாரிகள் நேரில் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. எங்கள் சனத்தின் பழக்கம் தெரியும்தானே, யார் வந்தாலும் மாலையும் பன்னீரும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காணியைப் பறிக்க வாறவங்களுக்கு மாலையோ அக்கா?"

"வாசலுக்கு வாறவையை வெறுங்கழுத்தோடை விடுறதோ? சும்மா இரடி."

மாலையை அவளே கட்டினாள்.

வாகனங்கள் வந்தன. இறங்கிய ஒருவராவது தான் இன்னார், இன்ன பதவி என்று சொல்லவேண்டுமே! நாங்களாகத்தான் ஆளைத் தெரிந்தெடுத்தோம். வெள்ளைச் சேட்டு, நரைத்த தலை, தமிழில் வணக்கம் சொன்ன மனிதர். மாலை அவர் கழுத்தில் விழுந்தது. அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பெரிய மனிசருக்கு எவ்வளவு பணிவு என்று சனம் மெச்சியது. அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவரும் கண் கலங்கக் கேட்டார். மற்றவர்கள் அதற்குள் கல்லையும் வயலையும் படம் எடுத்து முடித்துவிட்டார்கள்.

புறப்படும்போது அவர் மாலையைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தார்.

"அம்மா, நான் மொழிபெயர்க்க வந்தனான்."

"அப்ப பெரியவர் ஆர்?" என்று நான் பாய்ந்தேன்.

அவர் கடைசி வாகனத்தைப் பார்த்தார். அதன் கதவு திறக்கப்படவே இல்லை, கறுப்புக் கண்ணாடி ஏற்றியிருந்தது.

"அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை அம்மா."

நான் விடவில்லை. தகவல் கேட்கிற சட்டம் ஒன்று இருக்கிறதே, அதன்படி எழுதிக் கேட்டேன். முடிவு எடுத்தவரின் பெயர் என்ன, பதவி என்ன, இவ்வளவுதான் கேள்வி. உரிய அதிகாரியால் எடுக்கப்பட்ட முடிவு என்று பதில் வந்தது. அந்த உரியவரை எந்தத் தாய் பெற்றாளோ! அதற்குமேல் எங்கே போய் முட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அறுவடை முடிந்தது. வயலைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்தார்கள்.

அன்று பின்னேரம் அக்கா வயலுக்குப் போனாள், நானும் கூடப் போனேன். அநியாயம் செய்தவனைப் பேர் சொல்லி மண் அள்ளி எறிந்து திட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். பேர் சொல்லாமல் எறிந்த மண் எறிந்தவளின் வீட்டுக்கே திரும்பும் என்றும் சொல்வார்கள். அக்கா கம்பிக்குள் கைவிட்டு ஒரு பிடி மண் அள்ளினாள். ஊருக்கே விட்டுக்கொடுத்துப் போகிறவள், யாரையும் ஒரு சொல் வைதறியாதவள். திட்டு அக்கா, நல்லாய்த் திட்டு என்று என் மனம் அடித்துக்கொண்டது.

அவள் கையை ஓங்கினாள். ஓங்கியபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடியே, ஆருடைய பேரைச் சொல்ல?"

அவள் ஓங்கிய கையை இறக்கினாள். பிறகு குனிந்து, மண்ணை எடுத்த இடத்திலேயே போட்டாள்.