பார்க்காமல் விட்ட கடைசி வரிசை

இருபத்திரண்டு வருடமாக ஆய்வகத்தில் அவளுக்கு ஒரே வேலை: நோய் செல்களை ஊட்டி வளர்ப்பது, பிறகு அவற்றைக் கொல்லப் பார்ப்பது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்; அவற்றில் சொட்டுச் சொட்டாக மருந்து. அதனால் அண்ணன் வைத்த பட்டப்பெயர் ‘சொட்டு டாக்டர்’. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வாய் சும்மா இருக்காது.

அவருக்கே கணையத்தில் புற்றுநோய் வந்தது. அதே சமயம், ஒரு செடியின் வேரிலிருந்து பிரித்தெடுத்த பொருளைக் கணையப் புற்றுச் செல்களில் விட்டுப் பார்க்கும் சோதனை அவள் கைக்கு வந்தது. மூன்றாம் நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. மருந்து விட்ட குழிகளில் ஒரு செல்கூட உயிரோடில்லை. கடைசி வரிசை மட்டும் பாக்கி. அதில் மருந்து கிடையாது, மருந்தைக் கரைக்கும் திரவம் மட்டும்தான். அதையும் பார்த்த பிறகே வாயைத் திறக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததா? அன்று கை முந்திக்கொண்டு போனை எடுத்துவிட்டது.

“அண்ணே, புது மருந்துல கேன்சர் செல் எல்லாம் செத்துப்போச்சு!”

போன் பேசிவிட்டு வந்து பார்த்தால் கடைசி வரிசையிலும் எல்லாம் செத்திருந்தன. நீர்க்கச் செய்ய வேண்டிய திரவத்தை எல்லாக் குழிகளிலும் அப்படியே விட்டிருந்தாள்; செல்களைக் கொன்றது மருந்தல்ல, அந்தத் திரவம். மறுபடி சரியாகச் செய்தபோது, மருந்து விட்ட செல்கள் ஜம்மென்று வளர்ந்தன. தலைமை ஆய்வாளரிடம் ஒப்புக்கொண்டாள். அண்ணனிடம் சொல்லத்தான் நா எழவில்லை. அது கோழைத்தனம், வேறு பெயர் கிடையாது.

பத்தாம் நாள் அண்ணி போன் செய்தாள். “இந்த வார கீமோ ஊசிக்குப் போகமாட்டேன்னுட்டாரு. தங்கச்சி மருந்து வருதாம், அதுவரைக்கும் உடம்பை ஏன் புண்ணாக்கணும்னு கேக்கறாரு.”

ஆய்வகத்தில் போட்டது போட்டபடி ஓடினாள். அண்ணன் ஜன்னலோரக் கட்டிலில் பாதி ஆளாக உட்கார்ந்திருந்தார்.

“அந்த மருந்து ஒண்ணும் செய்யலண்ணே. நான்தான் தப்பு பண்ணிட்டேன். சொல்ல தைரியம் வரல. நிஜமாவே வேலை செஞ்சிருந்தாலும் மனுஷங்ககிட்ட வர வருஷக்கணக்காகும். நாளைக்கே ஊசிக்குப் போயிடுங்க.”

அவர் போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

“இந்தப் பத்து நாள்தான் சாவைப் பத்தி நினைக்காம தூங்கினேன்,” என்றார் கடைசியில். பிறகு கட்டிலைப் பிடித்து எழுந்து அண்ணியிடம் சட்டையைக் கேட்டார். “நாளைக்கு எதுக்கு? இப்பவே போயிடுவோம்.”

தங்கையின் தோளில் கையைப் போட்டுத்தான் அவரால் படியிறங்க முடிந்தது. அந்தக் கை எவ்வளவு இலேசாகிவிட்டது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.