பக்கத்து வீட்டு வெளிச்சம்

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு நயினாதீவுக் கோயிலுக்குப் போனேன். பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியதுதான் தாமதம், யன்னலால் அந்த மணம் உள்ளே வந்தது. கரையில் ஒதுங்கி அழுகிக் கிடக்கும் சாதாளைக் கடற்புல்லின் மணம். என் கை தன்பாட்டில் முன் சீற்றுக் கம்பியை இறுக்கிப் பிடித்தது. மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னம்மா, இன்னும் பயமோ?"

நல்ல வெயில். இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. கொக்குகள் மீன் பார்த்துக்கொண்டு நின்றன. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை.

இதே பாலத்தால் நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய் வந்தவள் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கொழும்பில் வேலை செய்கிறவர்கள் வாடகைக்குப் பயந்து தள்ளிப்போய்க் குடியிருப்பார்களே, அதேபோல யாழ்ப்பாணப் பட்டினத்தில் சம்பளம் எடுத்த எனக்குப் பாலத்துக்கு அப்பால் இருக்கிற வேலணைத் தீவு. பட்டினத்தில் ஓர் அறையும் குசினியும் கேட்டாலே ஒரு வருட முற்பணத்தை மேசையில் வை என்பார்கள். வேலணையில் அதைவிடக் குறைவாக முழு வீடே கிடைத்தது. சீமெந்து விறாந்தை, மாமரம், வளவு நிறையப் பனை. கிணறும் இருந்தது. தண்ணீர்தான் உவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும்.

வாடகை என்று சொன்னாலும் அது சரியான வாடகை இல்லை. வீட்டுக்காரி சிவமலர் அன்ரி கனடாவில் இருந்தார். "வீடு பூட்டிக் கிடந்தா பாழாப் போயிடும் பிள்ளை. பின்னேரத்திலை ஒரு விளக்கெரிஞ்சாப் போதும்," என்றுதான் தந்தார். தீவுப்பகுதியில் அப்படி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டுக்கு விளக்கு வைக்கிற குடும்பங்கள். வீட்டுக்காரர் வருகிறோம் என்று ஒரு சொல்லுச் சொன்னால் வீட்டை விட்டு எழும்பிவிட வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். நடு அறை எப்போதும் பூட்டியிருக்கும். அதற்குள் அன்ரியின் அலுமாரியும் கதிரைகளும் இருந்தன. அந்தக் கதவைத் தாண்டிப் போகும்போது நான் சத்தமில்லாமல் நடப்பேன்.

என் கணவருக்கு வேலை வவுனியாவில். சனி ஞாயிறுதான் வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் நானும் மகளும்தான். நான் பட்டினத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தேன். கடை பூட்டி, பஸ் பிடித்து, இறங்கும்போது மைமல் பொழுதாகிவிடும். மாரி காலத்தில் நன்றாகவே இருட்டிவிடும். காற்று அடிக்கிற நாட்களில் பாலத்தில் பஸ்ஸின் யன்னல்களெல்லாம் கிடுகிடுவென்று ஆடும், அலை எழும்பித் தாரில் விழும். நான் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த தேவாரம் எல்லாம் சொல்வேன். பாதியில் மறந்துபோனால் முதலில் இருந்து தொடங்குவேன்.

கடலாவது பரவாயில்லை. பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு நடக்கிற ஒழுங்கைதான் பெரிய பாடு. முகப்பில் றெஜினா அக்கா வீடு. அவருடைய புருசன் வலைத்தொழில். பள்ளிக்கூடம் விட்டதும் என் மகள் அங்கேதான் இருப்பாள். அவளைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கைக் கடைசி மட்டும் நடக்க வேண்டும். இடையில் இருக்கிற வீடுகளில் ஒரு சீவன் கிடையாது. ஒன்றுக்குக் கூரை இல்லை. இன்னொன்றின் சுவருக்குள்ளால் ஆலங்கன்று வெளியே வந்து நின்றது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு முழுசாகத்தான் இருந்தது. லண்டனில் இருக்கும் ஒருவருடையது. ஆனால் முழுசாக இருந்ததுதான் எனக்குக் கூடப் பயம். கூரை இல்லாத வீட்டுக்குள் ஆரும் ஒளிந்திருக்க ஏலாது, பாருங்கள்.

ஊருக்கெல்லாம் பார்வை சரிபார்த்துக் கண்ணாடி கொடுத்து அனுப்பும் எனக்கு, அந்த ஒழுங்கையில் நிற்கும் ஒவ்வொரு வடலிப்பனையும் ஆள் மாதிரித்தான் தெரியும். றெஜினா அக்கா வாய்விட்டுச் சிரிப்பார்.

"இந்த ஒழுங்கைக்கை வாறதுக்குக் கள்ளனுக்கே பயம் பிள்ளை. நீர் ஏன் பயப்பிடுறீர்?"

அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கிற தூரம் மட்டும் எனக்குத் தைரியம் இருக்கும். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டம்தான்.

என்னுடைய கரைச்சல் தாங்காமல் இவர் ஒரு சனிக்கிழமை பட்டினத்தில் சோலர் லைற் ஒன்று வாங்கி வந்தார். இருட்டினால் தானாகப் பற்றும். எங்கள் வீட்டில்தான் கறண்ட் இருக்கிறதே என்று, அதைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு விறாந்தைத் தூணில் கட்டிவிட்டார். "இனி அங்கையும் ஆக்கள் இருக்கிற மாதிரி நினைச்சுக்கொண்டு வாரும்," என்றார். உண்மையாகவே எனக்குப் பயம் பாதியாகக் குறைந்தது. மகள் அதற்கு 'எங்கடை லைற்' என்று பெயர் வைத்தாள். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நாங்கள் ஓடாமல் நடந்து வந்தோம்.

ஆனால் தீவில் பூட்டிக் கிடந்த வீட்டில் விளக்கெரிந்தால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. ஆரோ குடிவந்துவிட்டார்கள் என்ற அர்த்தம். பிறந்ததிலிருந்து இந்தப் பக்கத்து ஆட்களோடு பழகியும், அது எங்கள் இரண்டு பேருக்கும் யோசனையில் வரவில்லை.

ஒரு நாள் காலை கனடாவில் இருந்து அழைப்பு வந்தது.

"பிள்ளை, பக்கத்து வீட்டிலை ஆரையும் இருத்தி வைச்சிருக்கிறீரோ?"

"ஐயோ அன்ரி, இல்லை. அது சோலர் லைற். எனக்குப் பயத்திலை..."

"கோயிலுக்குப் போன ஆக்கள் வெளிச்சத்தைக் கண்டு லண்டனுக்குச் சொல்லிப்போட்டினம். கனகாலம் இருந்தா வீடு இருக்கிறவைக்குத்தானே எண்டு அந்தாள் துடிக்குது. ஆவணியிலை வாறாராம். பிரச்சினை எண்டால் நீங்கள் எழும்பத்தான் வேணும் பிள்ளை."

எழும்பி எங்கே போவது? மகள் அப்போதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் காலூன்றியிருந்தாள். லைற்றைக் கழற்றினால் களவு பிடிபட்டதும் ஒளித்துவிட்டார்கள் என்பார்கள். விட்டுவைத்தால் துணிச்சலைப் பார் என்பார்கள். ஆவணி மட்டும் நான் அந்த வெளிச்சத்துக்கும் பயந்தேன், இருட்டுக்கும் பயந்தேன். ஒழுங்கையில் வான் சத்தம் கேட்டால் சோற்றை வைத்துவிட்டுப் போய் வேலிக்கு மேலால் பார்ப்பேன்.

லண்டன்காரர் சொன்னபடியே வந்தார். வெள்ளைச் சேட்டும் கட்டைக் காற்சட்டையும் போட்ட, மெலிந்த மனிதர். மைமல் நேரம் பார்த்துத்தான் வந்தார், வெளிச்சத்தைத் தன் கண்ணால் காண வேண்டும் என்று. நான் வேலியோரம் போய் நின்றேன்.

"ஆர் உள்ளுக்கை இருக்கிறது?"

"ஒருதரும் இல்லை ஐயா."

"பொய் சொல்லாதையும். நான் எல்லாம் விசாரிச்சுக்கொண்டுதான் வந்தனான்..."

அவர் சொல்லி முடிக்கவில்லை, விறாந்தையில் லைற் பற்றியது. மனிதர் திடுக்கிட்டுப் பின்னால் வந்து படலைக் கதவைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தில் இருந்த பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் அதைப் போட்டுக்கொண்டுதானே நான் ஒழுங்கையால் வந்தேன்.

பிறகு கதவைத் திறந்து, போன் வெளிச்சத்தில் ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். தலையில் சிலந்தி வலையோடு வெளியே வந்தார். எங்கள் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். "பிழையா நினைச்சுப்போட்டன் பிள்ளை. அங்கை கிடக்கிற எங்களுக்கு ஆர் என்ன சொன்னாலும் பயம்தான்," என்றார். லைற் இருக்கட்டும் என்றும் சொன்னார். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு நித்திரை வந்தது.

நிம்மதி ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. ஜேசிபி வந்து அந்த வீட்டை ஒரே நாளில் இடித்தது. வெறும் காணியில் ஆரும் குடியேற ஏலாது என்று லண்டனில் இருந்து யோசித்திருக்கிறார். இடிக்க வந்தவர்கள் லைற்றைக் கழற்றி எங்கள் மதிலில் வைத்துவிட்டுப் போனார்கள். இருட்டினதும் அது அங்கேயே பற்றியது.

அதைக் கேள்விப்பட்டு அன்ரி கனடாவில் இருந்து அழைத்தார். இந்த முறை அவருடைய குரலே சரியில்லை. "நீர் நல்ல பிள்ளை. உம்மிலை ஒரு பிழையுமில்லை. ஆனா எனக்கும் இப்ப பயமாக் கிடக்கு. வீட்டைப் பக்கத்துக் காணிக்காரருக்கே வித்துவிடப் போறன்." நான் சண்டை பிடிக்கவில்லை. பயத்தோடு ஆர் வாதாடலாம்?

இப்போது பட்டினத்தில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் எங்கள் குசினியில் கேட்கும். வாடகை நாளைத் தவிர வேறு பயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது மைமலாகிவிட்டது. பஸ் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஆளை இறக்க நின்றது. ஒழுங்கைக் கடைசியில் இரண்டு வளவையும் சேர்த்து ஒரு வெள்ளை மதில். உள்ளே வீடும் இல்லை, மாமரமும் இல்லை. மதில் தூண் ஒவ்வொன்றிலும் ஒரு சோலர் லைற். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் பற்றின.

"அம்மா, ஆரோ குடிவந்திட்டினம்!"

"ஒருதரும் இல்லையம்மா."

மகள் ஒழுங்கை முகப்பைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப றெஜினா அக்கா வீட்டிலை மட்டும் ஏன் இருட்டு?"

நான் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. அந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு றெஜினா அக்கா குருநகரில் இருக்கும் தன் மகளிடம் போய்விட்டார். போன மாதம் போனில் சொன்னார், சிரிக்காமல்.

"நீங்கள் போனாப் பிறகு எனக்கு அந்த ஒழுங்கைக்கை இருக்கப் பயமாக் கிடந்தது பிள்ளை."