குப்பியில் கறுக்காத பூச்சி

எங்கள் வேளாண்மை அலுவலகத்தில் என்னைக் கேலி செய்வார்கள்: வண்டியை விட்டு இறங்கும் முன்பே பூச்சிக்குப் பெயர் வைத்துவிடுவேனாம். அதைப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தப் பங்குனி வரை.

இலுப்பூருக்குப் பக்கத்தில் ஓர் அக்கா மரவள்ளி போட்டிருந்தார். கிழங்கு பிடுங்குகிற சமயம். நுனி இலைகள் சுருண்டு, வெள்ளை வெள்ளையாக மாவு அப்பியிருந்தது.

"பப்பாளி மாவுப்பூச்சிதான்க்கா. மருந்து அடிக்க வேணாம். இதை அழிக்கிற குட்டிக் குளவி நம்ம பக்கம் நெறைய இருக்கு, அது பாத்துக்கும்" என்றேன்.

"நடுறதுக்குக் குச்சி கேக்குறாக மேடம். குடுக்கலாமா?"

"தாராளமா குடுங்க."

அந்த ஊரில் மரவள்ளிக் குச்சி கேட்டால் யாரும் இல்லையென்று சொல்வதில்லை. பிடுங்கியவர் வாசலில் கட்டி நிறுத்துவார், நடப்போகிறவர் வந்து தூக்கிக்கொண்டு போவார்.

பழக்கதோஷத்தில் நாலைந்து பூச்சிகளை ஸ்பிரிட் ஊற்றிய குப்பியில் போட்டு எடுத்து வந்தேன். பப்பாளி மாவுப்பூச்சி ஸ்பிரிட்டில் ஊறினால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். அது வந்து பல வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி கறுக்காது. பார்வைக்கு இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். ஆனால் புதிதாக வந்ததைப் பழைய குளவி சீந்தாது. அது குச்சியோடு ஒட்டிக்கொண்டு கொல்லை கொல்லையாகப் பரவும்.

மறுநாள் பார்த்தேன், கறுக்கவில்லை. ஸ்பிரிட் பழசாக இருக்கும் என்று புதிதாக ஊற்றினேன். அதற்கடுத்த நாள் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கணினியில் பயனாளிகள் பட்டியலை ஏற்றுவதும் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பதுமாக இருந்தேன். கறுத்துத் தொலையேன் என்று அதைத் திட்டவும் செய்தேன். மூன்றாம் நாள் காலையிலும் கறுப்பின் சாயலே இல்லை. வயலிலேயே மாவை ஊதிவிட்டு லென்ஸை வைத்திருந்தால் உடம்பின் நிறமே சொல்லியிருக்கும்: பப்பாளிப் பூச்சி மஞ்சள், மரவள்ளிப் பூச்சி ரோஸ். லென்ஸ் என் கைப்பையில்தான் கிடந்தது.

அக்காவுக்கு மூன்று தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குச்சி வாசலிலேயே நிற்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன்.

வாசல் காலியாக இருந்தது.

"அஞ்சு வீட்டுக்குக் குடுத்தாச்சு மேடம்" என்றார் அக்கா. "பூச்சி இருக்கேன்னு அவுக யோசிச்சாக. மேடமே பாத்துட்டாங்க, ஒண்ணும் பண்ணாதுன்னு நாந்தான் கட்டத் தூக்கிவிட்டேன்."

நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், இது வேறு பூச்சி, அந்தக் குச்சியை எல்லாம் எரிக்க வேண்டும் என்று சொன்னேன். அக்கா செருப்பை மாட்டினார்.

"வாங்க, போய்ச் சொல்லிருவோம். ஆனா நீங்க வாய் தொறக்காதீங்க. தெரியாமக் குடுத்துட்டேன்னு நான் சொல்லிக்கிறேன். நாளைக்கும் ஒங்க பேச்ச அவுக கேக்கணும்ல."

வேண்டாம்க்கா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதல் வீட்டுக்காரர் நட்டு முடித்து, அன்றுதான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார். அக்காவை வாய்க்கு வந்தபடி ஏசினார். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் கைப்பையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். ஐந்து வீட்டிலும் அப்படியே நின்றேன்.