வெள்ளையடித்த தடுப்புச் சுவர்

தீபாவளி விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய காலையில், தடுப்புச் சுவர் முழுக்க வெள்ளையடித்திருந்தார்கள். நாகலூர் போகும் வழியில் மலைச்சரிவை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்த பெரிய விடுதியின் சுவர் அது. நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. ஓர் அறைக்குக்கூட இன்னும் பூச்சு முடியவில்லை. மண் சரியாமல் தாங்கி நிற்கும் பின்பக்கச் சுவருக்கு மட்டும் என்ன அவசரம்?

சூப்பர்வைசரிடம் கேட்டேன். சேலத்துக்காரர். நாம் கேட்டு முடிப்பதற்குள் சிரித்துவிடுவார்.

“முதலாளி வர்றாருங்க மேடம். பாக்க லட்சணமா இருக்கட்டும்னுதான்.”

அந்த வாரம் முதலாளி வரவே இல்லை.

மழைநீர் வடிவதற்காகச் சுவரில் பதித்திருந்த குழாய்களில், தீபாவளியிலிருந்து விடாமல் பெய்த அத்தனை மழைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அப்படியென்றால் தண்ணீர் சுவருக்குப் பின்னால்தான் தேங்கி நிற்க வேண்டும். சாவியால் சுண்ணாம்பைச் சுரண்டினேன். புது சிமெண்ட் பூசி மூடிய விரிசல் ஒன்று, தோள் உயரத்தில் நீளமாக ஓடியது.

விரிசலுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவைத்தேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கண்ணாடியையே காணோம்.

“கொரங்கு பிச்சிருக்குமுங்க. இங்க நொம்பத் தொல்லை,” என்றார் சூப்பர்வைசர்.

பசையைக்கூடச் சுரண்டி எடுத்துப்போகும் குரங்கா? மறுபடி ஒட்டினேன். அதுவும் மறைந்தது. அதற்குப் பிறகு அவர் அனுப்பும் டீயைக் குடிக்கவே எனக்கு மனம் வரவில்லை. நான் சுவர்ப் பக்கம் நடந்தால் பின்னாலேயே வந்தார். போனில் பேசிக்கொண்டிருப்பவர் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

அந்தச் சுவருக்குக் கீழேதான் தொழிலாளர் குடும்பங்கள் தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்தன. அவர்களை உடனே மாற்ற வேண்டும் என்று மேனேஜரிடம் போய் நின்றேன்.

“பெரிய இன்ஜினியருங்க பாத்து ஓகே சொன்ன சுவரு. மழையும் விடப்போகுது. நீங்க எதையும் சந்தேகமாவே பாக்கறீங்க மேடம்.”

“சரிங்க சார். அப்ப உங்க ஆபீசக் கொட்டகைக்கு மாத்திக்குங்க. அவங்க இங்க வந்து இருக்கட்டும்.”

மாலைக்குள் குடும்பங்களை எதிர்ப்பக்க சிமெண்ட் குடோனுக்கு மாற்ற உத்தரவு வந்துவிட்டது. சூப்பர்வைசரும் கூடச் சேர்ந்து பாத்திர மூட்டைகளைத் தூக்கினார். யாருக்குக் காட்ட இந்த நாடகம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வாரக் கடைசியில், எல்லோரும் மதியச் சாப்பாட்டில் இருந்தபோது, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தோம். பாதிச் சுவர் கொட்டகைகளின் மேல் கிடந்தது. நசுங்கிய தகரத்தின் மேல் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, உள்ளே ஒருவரும் இல்லை.

சூப்பர்வைசருக்கு முகம் வெளுத்திருந்தது. “வெள்ளையடிக்கச் சொன்னது மேனேஜருங்க. கண்ணாடிய நான் தொடலீங்க மேடம்.”

நான் நம்பவில்லை.

அன்று சாயங்காலம், கொட்டகையில் குடியிருந்த சித்தாள் ஒருத்தி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

“ஏனுங்க மேடம், அந்தக் கண்ணாடிய நாந்தானுங்க எடுத்தேன்.”

“நீயா? எதுக்கு?”

“அது ஒடஞ்சதப் பாத்தீங்கன்னா நீங்க வேலைய நிறுத்திப்போடுவீங்களாமா. எல்லாத்தையும் ஊட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு சொன்னாங்க.”

“எடுக்கும்போது எப்படி இருந்துச்சு?”

“ரெண்டு தடவையும் ஒடஞ்சுதானுங்க இருந்துச்சு.”

பக்கத்திலிருந்த சிமெண்ட் மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். “அப்புறமும் அதுக்குக் கீழயே படுத்துத் தூங்கினியா? பயமா இல்லையா?”

“இருந்துச்சுங்க. வேலை போயிட்டாலும் பயந்தானுங்க.”

யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். எத்தனை விதமாகக் கேட்டும் வாய் திறக்கவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் கனமழைதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேலை நின்றது. அவள் குடும்பம் தலைச்சோலைப் பக்கம் காப்பிப் பழம் பறிக்கக் கிளம்பியது. பஸ் ஏறும்போது அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். மேனேஜரும் சூப்பர்வைசரும் தோளோடு தோள் உரச நின்றுகொண்டிருந்தார்கள்.