ஞாயிற்றுக்கிழமை திறந்து வைத்த ஜன்னல்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு காற்று. கிழக்கிலிருந்து அடித்தால் கடலும் மீனும் டீசலும். மேற்கிலிருந்து அடித்தால் மணலிப் பக்கத்துக் கம்பெனிகளின் கேஸ். அழுகின முட்டையை யாரோ மூக்குக்கு நேராகப் பிடித்த மாதிரி இருக்கும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுல எப்படிம்மா குடியிருக்கீங்க?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேற்குக் காற்று வந்தால் மேற்கு ஜன்னலைச் சாத்துவோம். அதற்கு மேல் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

என் அப்பா, நைனா, துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். ஓய்வு பெற்றுப் பல வருடம் நன்றாகத்தான் இருந்தார். எழுபத்தாறு வயதில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. மிச்சம் இருந்தது ஒரே சொல், "இன்னா". பசித்தாலும் இன்னா, வலித்தாலும் இன்னா, கோபம் வந்தாலும் இன்னா. எதற்கு எந்த இன்னா என்று எனக்குப் பாதி தெரியும். மீதியும் தெரிந்தவள் அவரைப் பகலில் பார்த்துக்கொள்ள வந்த பெண்.

அவள் வியாசர்பாடிக்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவள். காலை எட்டு மணிக்கு வருவாள், நான் வேலை முடிந்து திரும்பியதும் போவாள். ஞாயிறு லீவு. அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். வாயில் எதைக் கொடுத்தாலும் நைனாவுக்குப் புரையேறும். டாக்டர்கள் ஏதேதோ சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் வழி கண்டுபிடித்தது இவள்தான். ஸ்பூனை இடது கன்னத்துக்குள் விட வேண்டும், தொண்டையை மேலிருந்து கீழாக ஒரு தடவு தடவ வேண்டும். ஒரு தரம் விழுங்கியதும் அடுத்த ஸ்பூனைக் கொடுக்கக் கூடாது. இரண்டாவது தரம் விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். "அவுரு ரெண்டு தபா முயுங்குவாருக்கா. அவசரப்பட்டா அவ்ளோதான்" என்பாள்.

கொரோனா ஊரடங்கு வந்தது. போனை எடுத்தால், டிவியைப் போட்டால், வயதானவர்கள் ஜாக்கிரதை என்பதே பேச்சு. ராயபுரத்தில் நோய் வந்த இடங்களைத் தெருத் தெருவாகத் தகரம் அடித்து மறித்தார்கள். இந்த ஒரு மனிதரை எப்படியாவது காப்பாற்றிக் கரை சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. பஸ் இல்லை. அவள் புருஷன் தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் அவளை உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வருவான். வழியில் போலீஸ் மறித்தால் காட்ட நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

கடிதம் கொடுத்த நானேதான் அவளைச் சந்தேகப்பட்டேன். அவள் குடியிருந்த அடுக்கு வீட்டில் ஒரு மாடிக்கு எட்டு வீடு, எல்லாருக்கும் சேர்த்து கீழே ஒரே குழாய். நோய் வந்தால் அங்கிருந்துதான் வரும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவள் வந்ததும் பின்பக்கக் குழாயடியில் தலைக்குக் குளிக்க வேண்டும். கட்டி வந்த புடவையை வாளியில் போட்டுவிட்டு, இங்கேயே வைத்திருக்கும் நைட்டியை மாட்ட வேண்டும். இரண்டு மாஸ்க். டிபன் டப்பா கூடாது, சாப்பாடு எங்கள் வீட்டில்தான். நான் பக்கத்தில் நின்று மேற்பார்வை வேறு பார்த்தேன்.

"இன்னாக்கா, என்னிய கருவாடு மாரி உப்புல போட்டு ஊற வெச்சிடுவ போலகீதே" என்று சிரித்துக்கொண்டே குளிப்பாள்.

எனக்கோ கன்டெய்னர் யார்டில் கேட் ஆபீஸ் வேலை. துறைமுகம் மூடவில்லை, அதனால் நாங்களும் மூடவில்லை. எங்கெங்கிருந்தோ வந்த லாரி டிரைவர்கள் ஜன்னல் வழியாகப் பேப்பரை நீட்டுவார்கள், இருமுவார்கள், கையெழுத்துப் போட என் பேனாவை வாங்குவார்கள். நானும் வீட்டுக்கு வந்து குளித்தேன், மாஸ்க் போட்டேன். ஆனால் என்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பெற்ற மகள் அப்பாவுக்கு என்ன கெடுதல் கொண்டுவந்துவிடப் போகிறாள் என்று நினைத்தேனோ என்னவோ. இன்று நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த நாட்களில் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். வண்டி ஓடவில்லை, கம்பெனிகள் பாதி ஓடுகின்றன, காற்று சுத்தமாகிவிட்டது, வானம் நீலமாக இருக்கிறது. எண்ணூரில் இருக்கும் என் பள்ளித் தோழிகூட போனில் அதையேதான் சொன்னாள். வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்கும் கேஸ் நாற்றம் தெரியவில்லை. ஞாயிறு காலை மாடியில் துணி உலர்த்தும்போது ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கொடியில் துணி மேற்கிலிருந்து அடித்த காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது, ஆனாலும் ஒன்றுமில்லை. நாற்பத்தெட்டு வருடத்தில் என் தெருவில் இப்படி ஒரு மூச்சு நான் விட்டதில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

கீழே ஓடிப்போய், "நைனா, நாத்தமே இல்ல நைனா! ஊரே சுத்தமாயிடுச்சு!" என்று கத்தி, இரண்டு மாதமாகச் சாத்தியே கிடந்த மேற்கு ஜன்னலை அகலத் திறந்தேன். காற்று சுத்தமாகத்தானே இருக்கிறது என்று மாஸ்க்கையும் கழற்றினேன். கட்டிலில் அவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். மாதக்கணக்கில் அப்படி உட்கார்ந்ததில்லை.

"இன்னா?" என்றார்.

"காத்து நைனா, நல்ல காத்து."

அவர் மூக்கைச் சுருக்கினார். இடது கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினார். "இன்னா! இன்னா!"

இன்னும் நன்றாகத் திறக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். எழுந்துபோய் பாதி மடங்கியிருந்த ஜன்னல் கதவையும் தள்ளி, திரைச்சீலையையும் ஒதுக்கிவிட்டேன். அவர் தலையை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கஞ்சி ஊட்டினேன், அவர் முகத்தோடு முகம் வைத்துப் பழைய கதையெல்லாம் பேசினேன். அந்த ஊரடங்கில் நான் சந்தோஷமாக இருந்த நாள் அது ஒன்றுதான்.

திங்கள்கிழமை காலை அவள் குளித்து நைட்டி மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்ததும் வராததுமாக, "ஐய, இன்னாக்கா இது, ஜன்னல தொறந்து போட்டுகினுகீற? கேஸ் நாத்தம் கொடலப் புடுங்குது" என்றாள்.

"உனக்குத்தான் மூக்குல கோளாறு. நாத்தமே இல்ல."

"மெய்யாலுமே நாறுதுக்கா. நைனாவப் பாரு, கண்ணுல தண்ணி வந்துகினுகீது."

எனக்குத் திடுக்கென்றது. டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்களே, மூக்கில் கோளாறு வந்தால் அதுவும் ஓர் அறிகுறி என்று. இல்லாத நாற்றம் இவளுக்கு அடிக்கிறது! அவளைக் கட்டிலிலிருந்து விலகச் சொல்லி வாசலுக்கு அனுப்பினேன். புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டு போய் டெஸ்ட் எடு, முடிவு வரும்வரை இந்தப் பக்கம் வராதே என்றேன். என் குரல் எப்படி இருந்ததென்று எனக்கே தெரியும். தெருநாயை விரட்டுகிற குரல்.

நைட்டியைக் கொடியில் போட்டுவிட்டு, வாளியில் கிடந்த புடவையையே மறுபடி கட்டிக்கொண்டு அவள் கேட்டுக்கு வெளியே ஈரத் தலையோடு நின்றாள். "எனுக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றாள். "நைனாவுக்கு ரெண்டு தபா, மறந்துடாத."

நான் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். மதியம் முழுக்க அவர் இன்னா, இன்னா என்று கூப்பிட்டபடி இருந்தார். தண்ணீர் கொடுத்தேன், தலையணையை மாற்றினேன், ஃபேனைக் கூட்டினேன், குறைத்தேன். அவளைத் தேடுகிறார் என்று எரிச்சல்கூடப் பட்டேன். சாயங்காலம் புரட்டிப் படுக்கவைக்கப் போர்வையை விலக்கினால், முதுகுவரைக்கும் மலம். காய்ந்தே போயிருந்தது. எத்தனை மணி நேரமாக அதில் கிடந்தாரோ.

எனக்கு எந்த நாற்றமும் வரவில்லை.

குனிந்து பார்த்தேன். இல்லை. அவரைத் துடைத்து மாற்றிவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன். பெருங்காய டப்பாவைத் திறந்தேன், காப்பித் தூளில் மூக்கை விட்டேன். கடைசியாகக் கருவாட்டு டின். மூடியைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பூனை மதிலேறி வந்துவிடும், அப்படிப்பட்ட கருவாடு. அதிலும் ஒன்றுமில்லை. டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊர் சுத்தமாகவில்லை. அவள் மூக்கில் கோளாறு இல்லை. நைனா அன்று ஜன்னலை மூடச் சொல்லியிருக்கிறார். நான் அகலத் திறந்துவிட்டு, மாஸ்க் இல்லாமல் அவர் முகத்துக்கு நேராகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன் செய்து சொன்னதும் அவள் திட்டவில்லை. "நா வர்ட்டாக்கா?" என்றாள். வராதே என்றேன். அவளால் எங்களுக்கு ஆபத்து என்று காலையில் துரத்தினேன், இப்போது என்னால் அவளுக்கு ஆபத்து. நான் எந்தப் பக்கம் அசைந்தாலும் யாருக்காவது கெடுதலாகத்தான் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கே வந்து எங்களுக்கு டெஸ்ட் எடுத்தார்கள். வியாழக்கிழமை முடிவு வந்தது. எனக்கும் நைனாவுக்கும் இருந்தது. அவளுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை எங்கள் தெருமுனையிலும் தகரம் அடித்தார்கள், இரண்டு ஆம்புலன்ஸ் வந்தது. என்னை ஒரு கல்லூரியில் போட்டிருந்த முகாமுக்கு, காய்ச்சலில் துவண்டிருந்த அவரை ஆஸ்பத்திரிக்கு. கூட யாரும் போகக் கூடாது. நான் யார்டில் கன்டெய்னர் கதவில் சீட்டு ஒட்டுவதுபோல ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி அவர் சட்டையில் ஊக்கால் குத்தினேன்: இடது கன்னம், தொண்டையைத் தடவவும், இரண்டாவது தரம் விழுங்கும்வரை காத்திருக்கவும்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் மீன்பாடி வண்டி மேல் ஏறி நின்றுகொண்டு அவள் கத்தினாள். "சார், நா கூடப் போறேன் சார். அவுருக்கு துன்னத் தெரியாது சார். என்னியும் ஏத்திக்க சார்." தலையிலிருந்து கால்வரை மூடிய வெள்ளை உடைக்குள் இருந்தவர் யாரோ, பாவம், கையை மட்டும் ஆட்டினார். ஸ்ட்ரெச்சரிலிருந்து நைனா அவள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். "இன்னா?" என்றார். கதவைச் சாத்திவிட்டார்கள்.

மூன்றாம் நாள் வார்டிலிருந்து ஒரு நர்ஸ் போனில் கூப்பிட்டாள். "பெரியவர் எதைக் கொடுத்தாலும் புரையேறுதும்மா. என்னமோ கேட்டுக்கிட்டே இருக்காரு, புரியல."

"சட்டையில ஒரு சீட்டு குத்தியிருந்தேனே சிஸ்டர்?"

"துணியெல்லாம் அன்னைக்கே கழட்டிப் பையில போட்டுட்டாங்கம்மா."

நைனாவுக்கு ஊட்டியவளையும் அதே போனில் சேர்த்தேன். வியாசர்பாடியிலிருந்து அவள் சொல்லச் சொல்ல, அந்த நர்ஸ் செய்தாள். "எடது கன்னத்துல வுடு சிஸ்டர். இப்ப தொண்டையத் தடவு. இரு, இரு, அவசரப்படாத. இன்னொரு தபா முயுங்குவாரு." நாங்கள் மூன்று பேரும் ஓர் ஆள் விழுங்குவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். இரண்டு ஸ்பூன் இறங்கியது. பிறகு நர்ஸை வேறு கட்டிலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எத்தனை பேருக்கு அவள் இரண்டு தரம் காத்திருப்பாள்?

ஆறாம் நாள் நைனா போய்விட்டார். நான் முகாமில் இருந்தேன். அவரை நான் பார்க்கவில்லை. அவளும் அவள் புருஷனும் வண்டியை மிதித்துக்கொண்டு போய்ச் சுடுகாட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள். போனில் அவள் சொன்னது ஒரு வரிதான்: "ஆம்புலன்ஸ் உள்ள பூட்ச்சிக்கா."

தகரத்தை எடுத்த பிறகு ஒருநாள் அவள் தன் துணியை எடுத்துப் போக வந்தாள். வழக்கம்போல நேராகப் பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். "குளிக்க வேணாம், உள்ள வா" என்றேன். கொடியில் அந்த நைட்டி அப்படியே தொங்கியது. அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, காலிக் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நான் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். எங்கே ஆரம்பிப்பதென்று தெரியாமல் டீ போட்டுக் கொடுத்தேன்.

பாதி டீ குடித்தவள் மூக்கைச் சுருக்கினாள்.

"ஜன்னல சாத்துக்கா. நாறுது."

எனக்கு இன்னும் வாசனை திரும்பவில்லை. டீயின் வாசனைகூட இல்லை. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.