கம்பத்துப் பீங்கானும் கப்பிக் கயிறும்

என் இடது கை சின்ன வயதுக் காய்ச்சலில் சூம்பிப்போனது. வலது கையோடு சேர்த்துப் பார்த்தால் வேறு யாருடைய கையையோ எடுத்து மாட்டியதைப் போல இருக்கும். தெருவில் என் பெயரே ஒத்தக்கைதான். அறுபதுகளின் கடைசியில், எனக்கு இருபது வயது இருக்கும்போது, மாமா மகளை எனக்குக் கேட்டு அம்மா போனாள். தம்பி வீடு என்கிற உரிமையோடுதான் போனாள். மாமா வெற்றிலையை மென்றுகொண்டே, "ரெண்டு கையும் ஒண்ணா ஆவட்டும்க்கா. தை மாசம் உங்க வூட்டுக்கு வரேன், பாத்துக்கலாம்" என்றாராம். அதை வாக்கு என்று நம்பி வந்தாள் அம்மா. கிண்டல் என்று அவளுக்கு உறைக்கவில்லை. எனக்கும்தான்.

விருத்தாசலத்தில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் உடற்பயிற்சி செய்யும் ஒரு கசரத்துக் கொட்டகை இருந்தது. தைக்குள் கையைத் தேற்றிவிட அங்கே போய்ச் சேர்ந்தேன். நடத்தியவரை உஸ்தாது என்போம். இரும்புத் தம்பிள்ஸ் வாங்க அவருக்கு வசதியில்லை. பீங்கான் சூளைகள் இருந்த எங்கள் ஊரில் பீங்கானுக்குப் பஞ்சமில்லை. சூளையில் கோணிப்போனதென்று கழித்துப் போட்ட கரண்டுக் கம்பத்துப் பீங்கான்களைப் பொறுக்கிவந்து, இரும்புக் குழாயின் இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்துப் பதித்திருந்தார். அதுதான் தம்பிள்ஸ். இன்னொரு மூலையில் உத்தரத்தில் ஒரு கிணற்றுக் கப்பி, தரையோரம் ஒரு கப்பி. அவற்றில் ஓடும் கயிற்றின் ஒரு முனையில் மணல் மூட்டை, மறுமுனையில் குறுக்குக் கட்டை. கட்டையை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு மடக்கினால் மூட்டை மேலே ஏறும்.

"தம்பிள்ஸ எடு. அந்தக் கை தனியா தூக்குனாதான் தேறும்" என்றார் உஸ்தாது. "ஆனா பீங்கானு. கீழ வுட்டா ஒடஞ்சிரும். ஒடச்சவன் மறுபடி இங்க வரக்கூடாது."

இடது கையில் வாங்கினேன். பாதி ஏறுவதற்குள் வெடவெடவென்று நடுங்கியது. "வுட்டுறப் போறான், ஏந்துங்கடா" என்று கூடப் பழகிய தடியன்கள் குனிந்து கையை நீட்டிச் சிரித்தார்கள். எனக்கு உயிரே போனது. உடைத்தால் கொட்டகை போச்சு, தை போச்சு, அவளும் போச்சு. மெல்ல இறக்கி வைத்துவிட்டுக் கப்பிப் பக்கம் போனேன்.

கப்பியில் கை நடுங்குவது தெரியாது, மூட்டை ஏறுவதுதான் தெரியும். மணலை அள்ளி அள்ளிப் போட்டேன். மூட்டை கனக்கக் கனக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. வலது கை இழுத்தது. இடது கை பேருக்குக் கட்டையைத் தொட்டுக்கொண்டு கூடவே போய்வந்தது. உஸ்தாது தினமும் பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல் நெஞ்சுக்காரர்.

தையில் மாமாவும் அத்தையும் வந்தார்கள். "சட்டையக் கழட்டு மாப்ள" என்றார் மாமா. கழற்றினேன். வலது கை உருண்டு திரண்டிருந்தது. இடது கை இருந்தபடியே இருந்தது. என்னைச் சுற்றிவந்து பார்த்தார். "முன்னயாச்சும் சட்ட போட்டா தெரியாதுக்கா. இப்ப ஒத்தக் கொடுக்கு நண்டாட்டம் இருக்குது" என்றார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மாமா பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்து வெற்றிலை பாக்கு வைத்து, மேலே மகளின் கல்யாணப் பத்திரிகையை வைத்தார். வேப்பூர் மாப்பிள்ளை.

"ரெண்டு கையாலயும் வாங்கு மாப்ள, மொறை."

வாங்கினேன். இடது பக்கம் தாம்பாளம் ஆடியது. பாக்குகள் ஒவ்வொன்றாகத் தரையில் உருண்டன. அம்மா குனிந்து பொறுக்கினாள். அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நேரே கொட்டகைக்குப் போனேன். தம்பிள்ஸை இடது கையால் எடுத்து, முடிந்த மட்டும் தூக்கி, உடைந்து தொலையட்டும் என்று தரையில் போட்டேன். தொம்மென்று விழுந்து உருண்டு உஸ்தாது காலடியில் நின்றது. ஒரு கீறல் இல்லை.

"ஒடயும்னு சொன்னீங்க?"

அவர் அதைத் துடைத்து எடுத்த இடத்தில் வைத்தார்.

"இடி மழைக்கே ஒடயாதுடா அது. ஒடயும்னு சொன்னா பயந்து இறுக்கிப் புடிப்பானுங்க, அதுக்குத்தான். நீ ஒருத்தன்தான் புடிக்காமயே போயிட்ட."