ஜன்னலை அடைத்த அலமாரி

என் தங்கச்சி ரோசரி, மலேசியாவில் பத்தாங் காலிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவள். எண்பத்து நாலில் ரவாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்து, மலிவு விலை வீடு ஒன்றுக்குக் குடிவந்தாள். குடிவந்த கொஞ்ச நாளில், வருகிற சனிக்கிழமை சாயங்காலம் முதல் தடவையாக அவள் வீட்டில் ஜெபக்கூட்டம் என்று முடிவானது. முன்கூடமோ பகலிலேயே இருட்டு.

“இந்தப் பொந்துல ஆளுங்கள எப்படிண்ணே உட்கார வைக்கிறது? பூப்போட்ட காகிதம் வாங்கி செவுத்துல ஒட்டிடவா?”

“காகிதம் ஒட்டுனா இருட்டு போயிருமா? மொதல்ல அலமாரிய நகத்து.”

கண்ணாடி அலமாரியை ஜன்னலை அடைத்து நிறுத்தியிருந்தாள். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், அப்படித்தான் வைப்போம், போகிற வருகிறவன் எல்லாம் எட்டிப் பார்ப்பான் என்று. அந்தப் பழக்கம் இங்கேயும் கூட வந்துவிட்டது.

“எடுத்தா எதிர்வீட்டுக்காரி நான் என்ன சாப்பிடுறேன்னு ஊருக்கே சொல்லிருவா லா!”

“கீழ்ப்பாதிக்கு மட்டும் திரை போடு. மேல வெளிச்சம் வரட்டும்.”

பழைய பூப்போட்ட பாத்தேக் கைலியைக் கிழித்துத் திரை தைத்தாள். அலமாரியைப் பக்கச் சுவரோடு சேர்த்தோம். சுவருக்கு வெளிர்மஞ்சள் சாயம் அடித்தேன். கூரையை ஒட்டித் தொங்கிய மாதா படத்தை, உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இறக்கி மாட்டினேன்.

சனிக்கிழமை வந்தவர்கள் எல்லாரும் உள்ளேயே உட்கார்ந்தார்கள். விளக்குப் போடாமலே பாட்டுப் புத்தகம் படிக்க முடிந்தது. கூட்டம் முடிந்ததும், ஜெபத்துக்கு வந்திருந்த மாடில்டா அக்கா சுவரைத் தடவிப் பார்த்தார்.

“அடுத்த வாரம் எங்க வீடு. ஒங்க அண்ணன ஒரு நட அனுப்பு லா.”

“சாயத்த வாங்கி வைங்கக்கா, நாளைக்கே வருவாரு” என்றாள் ரோசரி.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.